முதலையும் ஒரு காசா?

(வரலாற்று மன்ற மாணவியர்)

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். "உங்கள் வீட்டில் செல்லாக்காசு இருந்தால் ஒன்றே ஒன்று கொண்டு வாருங்கள். அதில் என்ன விலங்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள்" என்பதுதான் அந்த வேலை. பழைய எழுத்து எங்களுக்குப் படிக்க வராது; ஆனால் யானையையும் மாட்டையும் தெரியாதவர் யார்? அதனால்தான் விலங்கிலிருந்து தொடங்கச் சொன்னார்கள் என்று பின்னால் புரிந்தது.

மறுநாளே மேசை நிறைந்துவிட்டது. குதிரை போட்ட ஒரு பைசா வந்தது. காளை போட்ட ஓரணாவும் இரண்டணாவும் வந்தன. இவை மூன்றும் 1950-க்குப் பிறகு நம் குடியரசு வெளியிட்டவை. 1947-ஆம் ஆண்டின் கால் ரூபாயில் புலி நடந்துகொண்டிருந்தது. ஓட்டைக் காலணா மட்டும் ஏழெட்டு வந்தன. அதில் விலங்கே இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்போது ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். உள்ளே ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு முதலை! சாம்பல் நிறம், முதுகில் வரி வரியாகச் செதில், நாலு குட்டைக் கால்கள், சற்றே வளைந்த வால். வகுப்பே சிரித்தது. காசின் மேல் விலங்கைக் கேட்டால் விலங்கையே கொண்டு வந்துவிட்டாளே!

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பத்தா சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னாள்: "இது எங்க ஐயா மலாயாவுல இருந்து கொண்டாந்தது தாயி. அந்தக் காலத்து ராசாக்க காசாம் அது."

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்தில் மலாயா போய் வந்த முன்னோர் இல்லாத ஊர் அரிது. மானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கப்பல் ஏறுவார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கொண்டு வந்த தகரப் பெட்டிகள் இன்றும் பல வீடுகளில் பரண் மேல் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றிலிருந்துதான் அந்த முதலை புறப்பட்டு வந்தது. அதனால்தானே என்னவோ, எங்களால் அதை விட முடியவில்லை. முதலை காசாகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கி, நாங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தோம்.

மலாய் நாட்டின் ஈயக் காசு

தோழியரே, ஈயத்தில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். மீன் வலையில் குண்டாகக் கட்டுவது காரீயம். மலாய் நாடு வெள்ளீயத்துக்குப் பேர் பெற்றது. பேராக், சிலாங்கூர் ஆற்றுப் படுகைகளில் வெள்ளீயக் கனிமம் மணலோடு மணலாகக் கிடந்தது. அலசி எடுத்து உருக்கினால் போதும். வெள்ளீயம் 232 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடும். செம்புக்கு ஆயிரம் பாகைக்கு மேல் வேண்டும். அடுப்படி நெருப்பிலேயே உருகும் உலோகம் கைக்கருகில் கிடைத்தால், அதை வேண்டிய உருவத்தில் வார்ப்பதற்கு என்ன தடை?

15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனக் கப்பற்படையோடு மலாக்காவுக்கு வந்த மா ஹுவான் என்பவர், அங்கே வெள்ளீயத்தைக் கட்டிகளாக வார்த்துப் பணமாகக் கொடுத்து வாங்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பத்துக் கட்டிகளைப் பிரம்பால் கட்டினால் சிறிய கட்டு, நாற்பது கட்டினால் பெரிய கட்டு. கட்டுக் கட்டாகப் பணம் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அங்கே உண்மையாகவே கட்டுத்தான்! பிறகு 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் அல்புகர்க், வெள்ளீயத்திலேயே நாணயம் அடித்தார். அங்கே வழங்கிய சிறிய ஈயக் காசை அவர்கள் 'கைஷா' என்று குறித்தனர். நம்முடைய 'காசு' என்னும் சொல்தான் போர்ச்சுகீசியர் வாயில் அப்படி ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் அதுவே 'கேஷ்' ஆனது. அந்நாளில் மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகர் பெருங்கூட்டமாக இருந்தனர். நைனா சட்டு என்று போர்ச்சுகீசியர் குறித்துள்ள தமிழ் வணிகரையே அல்புகர்க் அங்கே உயர் பதவியில் அமர்த்தினார். ஆகவே மலாய் ஈயக் காசு நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்ல முடியாது.

கட்டியாக வார்த்தவர்கள் உருவமாகவும் வார்த்தார்கள். பகாங் நாட்டில் சதுர விளிம்பும் நடுவில் மேடுமாகத் தொப்பி போன்ற காசு இருந்தது. 'தம்பாங்' என்று பெயர். அது 19-ஆம் நூற்றாண்டுவரை சந்தையில் செல்லுபடியானது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் முதலை, யானை, ஆமை, மீன், சேவல், வண்டு என்று பல உருவங்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றைச் சேர்ப்போர் 'விலங்குப் பணம்' என்கிறார்கள்.

தொப்பிக் காசு காசுதான் என்பதில் ஐயமில்லை. விலங்குகள் காசுதானா என்பதில்தான் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எடை அளவு பார்த்து வார்த்த ஈயக் கட்டிகளே இவை, வரி கட்டவும் பண்டமாற்றுக்கும் பயன்பட்டன என்பது ஒரு சாரார் கருத்து. சுரங்கத்தில் பூசை செய்யும் 'பாவாங்' என்னும் மந்திரவாதிகள் காணிக்கையாகச் செய்த உருவங்கள் என்பது மற்றொரு சாரார் கருத்து. மலாய்ச் சுரங்கத் தொழிலாளர், ஈயத்துக்கு உயிர் உண்டென்றும் அது எருமை வடிவில் மண்ணுக்கடியில் இடம்விட்டு இடம் நகரும் என்றும் நம்பியதை ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1900-இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார். ஈயத்துக்கே விலங்கு வடிவம் கொடுத்து நினைத்தவர்கள் விலங்கு வார்த்துப் படைத்திருந்தால் வியப்பில்லை. போதாக்குறைக்கு, சேர்ப்போர் பெருகியதும் புதிதாக வார்த்துப் பழையதென்று விற்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

முதலைக்கு நடந்த சோதனை

எங்கள் முதலை இதில் எந்த வகை? ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனோம். ஆர்க்கிமிடீஸ் குளித்த தொட்டிக் கதையைப் படித்ததோடு சரி. அதைச் செய்து பார்க்க முதல் வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது. முதலையின் எடை 146 கிராம். மூக்கு வைத்த கலத்தில் நீரை நிரப்பி, நூலில் கட்டி இறக்கியபோது வெளியே வழிந்த நீர் 18 கன சென்டிமீட்டர். வகுத்தால் அடர்த்தி 8.1 வருகிறது. தூய வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. ஆகவே இது கலப்பு. கணக்குப் போட்டால் எடையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் காரீயம் இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்லுகிறோம். எங்கள் அளவையில் ஒரு கன சென்டிமீட்டர் கூடக்குறைய வந்திருந்தால் விடை 7.7 முதல் 8.6 வரை எங்கேயும் இருக்கும். மூன்று முறை செய்து மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியை கண்டித்தார்கள். செய்தோம், 18, 18, 17 என்று வந்தது.

அந்த வாரமே ஊருக்குள் ஈயம் பூசுகிற பெரியவர் வந்திருந்தார். இப்போது எவர்சில்வர் காலம். அவர் வருவதே ஆண்டுக்கொரு முறை. உருக்கவோ கீறவோ கூடாது என்று முன்பே கேட்டுக்கொண்டு முதலையைக் காட்டினோம். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றை வாங்கி, முதலையின் அடிவயிற்றை அதில் லேசாக இழுத்தார். மங்கலாக ஒரு கோடு விழுந்தது. "சுத்த வெள்ளீயம் கோடு போடாது தாயி. இதுல காரீயம் சேந்திருக்கு" என்றார். நாங்கள் கலமும் தராசும் நூலும் வைத்து ஒரு மணி நேரம் பட்ட பாட்டை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்!

சரி, கலப்பு என்று தெரிந்துவிட்டது. அதனால் பழையதா, புதியதா என்று தெரிந்ததா? இல்லை. பழங்காலத்தவரும் கலந்தார்கள், நேற்று வார்த்தவர்களும் கலப்பார்கள். உலோகம் என்ன என்ற கேள்விக்குத்தான் விடை கிடைத்தது. எந்தக் காலம், காசா காணிக்கையா என்பவை அப்படியே நின்றன. அதற்கு இன்னொரு கேள்விக்கு விடை வேண்டும்: அது எங்கே கிடைத்தது? ஆற்று மணலிலா, சுரங்கக் குழியிலா, அரண்மனைக் களஞ்சியத்திலா, ஈப்போ கடைத்தெருவிலா? ஐயா எங்கே வாங்கினார் என்று அப்பத்தாவிடம் கேட்கச் சொன்னோம். "அவரு சொல்லல, நான் கேக்கல" என்று பதில் வந்தது.

நம் மண்ணின் விலங்குகள்

இதற்குள் மேசையில் இருந்த மற்றக் காசுகளையும் வகைப்படுத்தத் தொடங்கியிருந்தோம். முதலையை வைத்துக் கற்ற பாடத்தால் ஒவ்வொரு காசையும் நான்கு கேள்வி கேட்டோம். உலோகம் என்ன, எடை என்ன, இரு முகத்திலும் என்ன இருக்கிறது, எங்கே கிடைத்தது?

நம் நாட்டில் விலங்கு வடிவத்தில் காசு வார்க்கவில்லை. காசின் மேல் விலங்கைப் பொறித்தார்கள். சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் கோடுகளாலேயே வரைந்த மீன். 1980-களில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு காசில் குதிரையும், இரண்டு ஆமைகள் நீந்தும் தொட்டியும், 'பெருவழுதி' என்று பழந்தமிழ் எழுத்தும் இருந்தன. அதைக் கண்டறிந்தவர் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அதற்குமுன் சங்ககாலத் தமிழ் மன்னர் நாணயம் அடித்தார்களா என்றே ஐயுற்றவர்கள் உண்டு. மதுரைப் பக்கம் ஆற்று மணலை அலசுபவர்களுக்குக் கிடைத்து, பழைய உலோகமாக உருகிப் போன காசுகள் எத்தனையோ!

13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காசுகளில் மீனோடு 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' என்ற தமிழ் எழுத்துகள் வரும். சோழரை வென்ற பெருமிதத்தைக் காசில் அடித்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். இந்த நாளில் சுவரொட்டி செய்கிற வேலை அது.

இதைப் படித்தபின் எங்கள் மேசையில் ஒரு சதுரச் செப்புக் காசு வந்தால் எப்படியிருக்கும்! வந்தது. ஓடி ஓடி எல்லாரையும் அழைத்தோம். களிம்புக்கடியில் யானையைத் தேடினோம். கிடைத்தது ஆங்கிலேய அரசர் தலை! ரப்பர்த் தோட்டக் காலத்து மலாயா ஒரு சென்ட். அங்கே சென்ட் காசைச் சதுரமாகத்தான் அடித்திருந்தார்கள். வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

ஏமாற்றத்தைச் சொன்ன நாங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருத்தி கொண்டு வந்த சிறிய செப்புக் காசில் இரண்டு வரி எழுத்து தெரிந்தது. படிக்கத் தெளிவாக இருக்கட்டும் என்று வீட்டில் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். மறுநாள் காசு பளபளவென்று வந்தது, எழுத்து வரவில்லை. பல நூறு ஆண்டு மண்ணில் கிடந்த செம்பின் எழுத்து, பல வேளைகளில் அந்தக் களிம்பிலேதான் நிற்கிறது. புளி களிம்பைக் கரைத்தால் எழுத்தும் கூடவே போய்விடும். 'சே' என்று ஓர் எழுத்து முந்தின நாள் பார்த்ததாக இருவர் சொல்கிறார்கள், 'கோ' என்கிறாள் மற்றொருத்தி. இனி யாராலும் தீர்க்க முடியாத வழக்கு அது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரில் நனைத்த மெல்லிய தூரிகை போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.

காளை எந்தத் தட்டில்?

மிகவும் சண்டை நடந்தது ஒரு காளைக் காசுக்காக. ஒரு முகத்தில் நிற்கும் அரசன். மறு முகத்தில் படுத்த காளை. அதன் கீழே தெளிவான தமிழில் 'சேது'. நாம் இருப்பதோ சேதுபதிச் சீமை. 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை நரிக்குடி இராமநாதபுரம் மாவட்டம்தான். பிறகென்ன? சேதுபதி மன்னர் தட்டில் அதை வைத்து, சுற்றிலும் பூவும் வரைந்துவிட்டோம்.

ஆசிரியை வந்து பார்த்து, "அந்த அரசன் நிற்கிற மாதிரியை வேறெங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். இராசராச சோழனின் செப்புக் காசுப் படத்தில் பார்த்திருந்தோம். அந்த மாதிரியை ஈழத்தில் பொலன்னறுவை மன்னர்களும் பின்பற்றினார்கள். அது 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான வழக்கம். சேதுபதிகளின் தொடர்ச்சியான வரலாறோ, 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் உடையான் சேதுபதியை ஆட்சியில் அமர்த்தியதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல் பள்ளம்!

முன்னாளைய அறிஞர் சிலரும் எங்களைப் போலவே 'சேது' என்ற சொல்லை மட்டும் பார்த்து இதை இராமநாதபுரத்துக்குக் கொடுத்தவர்களே. அதைத் திருத்தியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்து நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். கத்தோலிக்கக் குருவானவர், பன்மொழி அறிஞர். மறக்கப்பட்டுப்போன யாழ்ப்பாண மன்னர் நாணயங்களைப் பற்றி 1920-இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, இவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் என்று எடுத்துக்காட்டினார். இக்காசுகள் ஏராளமாகக் கிடைப்பது யாழ்ப்பாணத்தில். காளை அவர்களுடைய கொடியின் சின்னம். இலங்கையில் கோட்டகமவில் கிடைத்த அவர்களது தமிழ்க் கல்வெட்டிலும் 'சேது' என்ற சொல் இருக்கிறது.

சேதுபதி என்றே முழுப்பெயர் எழுதிய சிறு செப்புக் காசுகள் தனியே உண்டு. எங்களிடம் ஒன்றுமில்லை. புளிக்குப் பலியானது அதுதானோ என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

காளையைத் தட்டு மாற்றினோம். எல்லாரும் மனமுவந்து மாற்றினோம் என்று எழுதினால் பொய்யாகும். "நம்ம ஊரில் கிடைத்ததுதானே?" என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்! உண்மையிலேயே நரிக்குடி நிலத்தில் கிடைத்திருந்தால், யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கரிசலுக்கும் அந்நாளில் போக்குவரத்து இருந்ததற்கு அது சாட்சி. ஆனால் கொண்டு வந்தவளின் வீட்டில், அம்மா இராமேசுவரத்தில் வாங்கியது என்கிறார். பெரியப்பா வயலில் எடுத்தது என்கிறார். சாட்சியின் வாய் அடைத்துப்போயிற்று.

இதற்கு நேர்மாறாக, எவரும் திரும்பிப் பாராத ஒரு காசு எங்கள் பதிவேட்டில் முதல் எண்ணைப் பிடித்தது. தேய்ந்துபோன டச்சுச் செப்புக் காசு அது. ஒரு முகத்தில் டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகள், அதன் கீழ் 1746. மறு முகத்தில் அலைகளுக்கு மேலே எழும்பும் சிங்கம்; அது டச்சு நாட்டின் சீலாந்து மாகாணச் சின்னம். 'டொய்ட்' என்ற அதன் பெயர்தான் நம் வாயில் 'துட்டு' ஆனது. தினமும் சொல்லும் சொல் டச்சுக்காரருடையது என்று அன்றுதான் தெரிந்தது! 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் துணிக்கும் சங்குக்கும் முத்துக்கும் விலையாகக் கொடுத்த காசு உள்நாடுவரை வந்திருக்கிறது. சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் இதைக் கொண்டு வந்தவளின் தந்தை, கண்மாய்க் கரையை ஒட்டிய தம் புஞ்சையில், கிணற்றுக்குத் தோண்டும்போது இடுப்பளவு ஆழத்தில், பானை ஓடுகளோடு எடுத்ததைத் தாமே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஓடுகளையும் தேடிப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறோம்.

கிடைத்த இடத்தைச் சொல்லப் பலர் அஞ்சுவதும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பவருக்குச் சட்டம் துணையே தவிரப் பகையன்று, மறைப்பதுதான் குற்றம். ஆகையால் கிணற்றுக் காசை ஏட்டில் ஏற்றுமுன், தந்தையார் ஊர் நிர்வாக அலுவலரிடம் காட்டி எழுதிக்கொடுத்து வந்தார். பேரீச்சம்பழ வண்டிக்கு எடை போட்டுவிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பதிவேட்டில் இப்போது 41 எண்கள் இருக்கின்றன. பள்ளி ஆண்டு விழாவில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தபோது முதலைக்கு இடம் தருவதா என்று வாதம் நடந்தது. போலியாக இருந்தால் நகைப்பார்களே என்றனர் சிலர். அப்பத்தாவோ தம் ஐயாவின் காசைப் பார்க்கத் தள்ளாத வயதிலும் வந்திருந்தார். கண்ணாடிமேல் கை வைத்தபடி நெடுநேரம் நின்றார். அட்டையில் எழுதியிருந்ததைப் பேத்தியை வாசித்துக் காட்டச் சொன்னார். அவளும் வாசித்தாள்:

"எண் 41. முதலை. வெள்ளீயமும் காரீயமும் கலந்த வார்ப்பு. எடை 146 கிராம். மலாய் நாட்டு விலங்குப் பண வகை. காலம்: முடிவு செய்யப்படவில்லை. கிடைத்த இடம்: நரிக்குடி, அப்பத்தாவின் தகரப் பெட்டி."